கோப்பு யாருடையது?

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவார்கள். அதைச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் எனக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னப் பொருள். கல்லூரியில் நாங்கள் எங்கள் வேலைக் கோப்புகளை எங்கே வைக்கிறோம், எப்படி அடுக்குகிறோம், யாரோடு பகிர்ந்துகொள்கிறோம் என்பதே அது. “இதுல என்ன சார் இருக்கு? கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சா வேலை முடிஞ்சது” என்று பின்வரிசையில் ஒரு தம்பி நினைப்பது எனக்குத் தெரிகிறது. போட்டு வைப்பதோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

இது கல்லூரிக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். 2020இல் கல்வியமைச்சு தொடங்கிய டெலிமா தளத்தின் வழி, இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்கூடக் கணக்கு இருக்கிறது. உங்கள் அண்ணனோ அக்காவோ கல்லூரியில் படிக்கலாம். நாளை நீங்களும் அங்கே வருவீர்கள். ஆகவே கொஞ்சம் காது கொடுங்கள்.

மேகம் எங்கே இருக்கிறது?

‘கிளவுட்’ என்கிறார்கள், தமிழில் மேகச் சேமிப்பு என்கிறோம். பெயரைக் கேட்டதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். மேகம் என்பது தரையில் நிற்கும் ஒரு கட்டடம். உள்ளே வரிசை வரிசையாகக் கணினிகள். அவற்றைக் குளிர்விக்கும் இயந்திரங்கள். மின்சாரம், தண்ணீர், காவலாளி எல்லாம் உண்டு. ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் போய் வந்தவர்கள் அப்படிப்பட்ட பெரிய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். நம் கையிலுள்ள கோப்பின் பிரதி இணையத்தின் வழியாக இத்தகைய ஏதோ ஒரு கட்டடத்துக்குப் போய்ச் சேருகிறது. நாம் எங்கிருந்து கேட்டாலும் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் சங்கதி.

இந்த வசதி அண்மைக் காலத்தில் வந்ததுதான். டிராப்பாக்ஸ் 2008இல் பொதுமக்களுக்கு வந்தது. கூகள் டிரைவ் 2012 ஏப்ரலில் வந்தது. மைக்ரோசாஃப்டின் சேமிப்புக்கு ஒன்டிரைவ் என்ற பெயர் 2014இல் ஏற்பட்டது. அதற்கு முன்பெல்லாம் தடித்த ரிங் பைலும் பென்டிரைவும்தான் எங்களுக்குத் துணை. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் கல்லூரி அலமாரிகள் பூட்டிய அறைக்குள் சிக்கிக்கொண்டன. அன்று மேகத்தில் கோப்பு வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்தே வேலையைத் தொடர்ந்தார்கள். வைத்திராதவர்கள் அவசர அவசரமாக அள்ளிப் போட்டார்கள். அந்த அவசரத்தில் அள்ளிப் போட்டவை இன்னும் பல இடங்களில் அப்படியே கிடக்கின்றன.

ஒரு பாடத்தின் கோப்பு

கல்லூரியில் ஒரு பாடம் நடத்துவது என்றால் வகுப்பில் போய்ப் பேசிவிட்டு வருவது மட்டுமன்று. ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு பாடக்கோப்பு வைக்க வேண்டும். பாடத்திட்ட விவரம், வாரவாரிப் பாடத்திட்டம், இடுபணிகள், தேர்வு வினாத்தாள், விடைக் குறிப்பு, வினாத்தாளைச் சரிபார்த்தவரின் படிவம், மதிப்பெண் பட்டியல், நன்றாக எழுதியவர், நடுத்தரமாக எழுதியவர், குறைவாக எழுதியவர் ஆகியோரின் விடைத்தாள் மாதிரிகள் என்று பத்துப் பன்னிரண்டு வகைகள் அதில் இருக்கும். எம்.கியூ.ஏ. என்று நாம் சொல்லும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் 2007 முதல் இயங்கி வருகிறது. அதன் மதிப்பீட்டாளர்கள் வரும்போது இந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரு துறையில் ஒரு செமஸ்டருக்கு 20 பாடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 12 வகை. ஆக 240 கோப்புகள். ஆண்டுக்கு இரண்டு செமஸ்டர் என்றால் 480. ஐந்தாண்டில் 2,400. வகைக்கு ஒரே ஒரு கோப்பு என்ற கணக்கிலேயே இது இத்தனை. இதை ஒருவர் மனத்தில் வைத்துக்கொள்ள முடியுமா? “எனக்குத் தெரியும், எங்க வெச்சேன்னு” என்று சொல்லுகிறவர் மாற்றலாகிப் போய்விட்டால் அந்த நினைவும் அவரோடு போய்விடும்.

ஒரு மாணவிக்கு நேர்ந்தது

எனக்குத் தெரிந்த ஒரு பெண். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை. டிப்ளோமா முடித்து மூன்று ஆண்டு வேலை செய்து கொஞ்சம் பணம் சேர்த்த பிறகு, வேறொரு கல்லூரியில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. முன்பு படித்த பாடங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் கிரெடிட் மாற்றத்துக்கு மனுச் செய்தாள். பழைய பாடமும் புதிய பாடமும் 80 விழுக்காடாவது ஒத்திருக்க வேண்டும் என்பது அதற்குரிய விதி. ஒத்திருப்பதைக் காட்டப் பழைய பாடத்திட்ட விவரம் வேண்டும். தேர்வு முடிவுத் தாள் அவளிடம் பத்திரமாக இருந்தது. பாடத்திட்ட விவரமோ கல்லூரியில் இருக்க வேண்டியது.

பழைய கல்லூரிக்குப் போய்க் கேட்டாள். அந்தப் பாடங்களை நடத்தியவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோப்புகள் எல்லாம் அவருடைய கணக்கில் இருந்தன. அவர் போனதும் கணக்கை மூடிவிட்டார்கள். கோப்புகளும் அதோடு போய்விட்டன. அலுவலகத்தில் இருந்தவர்கள் இரக்கமுள்ளவர்கள்தாம், தேடித்தான் பார்த்தார்கள். ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’, ‘கடைசி’, ‘கடைசி திருத்தியது’, ‘உண்மையான கடைசி’ என்றிருந்த குவியலில் ஒன்றும் அகப்படவில்லை. அந்தப் பெண் மூன்று பாடங்களை மறுபடியும் படித்தாள். ஒரு செமஸ்டர் கூடுதல். அதற்குக் கட்டணம், அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு.

யார் குற்றம் என்று நான் கேட்கவில்லை. அந்த விரிவுரையாளர் எதையும் அழிக்கவில்லை; எல்லாவற்றையும் மேகத்தில்தான் வைத்திருந்தார். ஆனால் தம் வீட்டு மேகத்தில் வைத்திருந்தார்.

பொது வீடும் சொந்த வீடும்

இதுதான் இன்று நான் சொல்ல வந்த முதன்மையான செய்தி. மேகச் சேமிப்பில் இரண்டு வகை இடம் உண்டு. ஒன்று ஆளுக்குச் சொந்தமானது. கூகளில் ‘என் டிரைவ்’, மைக்ரோசாஃப்டில் ‘ஒன்டிரைவ்’. மற்றது நிறுவனத்துக்குச் சொந்தமானது. கூகளில் ‘பகிர்ந்த டிரைவ்’, மைக்ரோசாஃப்டில் ‘ஷேர்பாயின்ட்’. டீம்ஸில் ஒரு குழு தொடங்கினால் அதன் கோப்புகள் போய்ச் சேருவதும் ஷேர்பாயின்டில்தான்.

பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் சொந்த இடத்தில் உள்ள கோப்பை நூறு பேரோடு பகிர்ந்தாலும் அதன் உரிமையாளர் ஒருவர்தான். அவர் கணக்கு மூடப்படும்போது, நிர்வாகி முன்கூட்டியே வேறொருவர் பெயருக்கு மாற்றி வைக்காவிட்டால், அந்த நூறு பேருக்கும் கோப்பு இல்லை. கல்லூரி ஒன்டிரைவில், வேறு ஏற்பாடு செய்யாதிருந்தால், கணக்கு நீக்கப்பட்ட 30 நாளில் கதை முடிந்துவிடும். பொது இடத்தில் வைத்த கோப்போ ஆள் போனாலும் அங்கேயே இருக்கும். கோவில் பாத்திரத்தைக் கோவிலில் வைப்பதற்கும், பொறுப்பாளர் வீட்டுப் பரணில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

ஆகவே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். இந்தக் கோப்பு என்னுடையதா, வேலையுடையதா? பயணச் சீட்டு, குடும்பப் படம், சொந்தக் குறிப்பு எல்லாம் என்னுடையவை. வினாத்தாள், மதிப்பெண், கூட்டக் குறிப்பு எல்லாம் வேலையுடையவை. வேலையுடையது வேலைக்குரிய இடத்தில் பிறக்க வேண்டும். “அப்புறம் மாத்திக்கலாம்” என்று சொல்லிச் சொந்த இடத்தில் தொடங்கினால் அந்த அப்புறம் வருவதே இல்லை.

பெயர் வைக்கும் முறை

இடம் சரியாகிவிட்டது, அடுத்து அடுக்கும் முறை. மூன்றே படிகள் போதும். முதற்படி ஆண்டும் செமஸ்டரும். இரண்டாம் படி பாடம். மூன்றாம் படி வகை: 01 பாடத்திட்டம், 02 இடுபணி, 03 தேர்வு, 04 மதிப்பெண் என்று எண்ணிட்டு வையுங்கள். எல்லாப் பாடத்துக்கும் ஒரே எண், ஒரே பெயர். ஒருவர் ‘தேர்வு’ என்றும், இன்னொருவர் ‘பரீட்சை’ என்றும், மற்றொருவர் ‘இறுதிச் சோதனை’ என்றும் வைத்தால் மூன்றும் நல்ல தமிழ்தான், தேடுகிறவனுக்குத்தான் தலைவலி.

கோப்பின் பெயரில் தேதி போடுகிறவர்கள் ஆண்டை முதலில் எழுதுங்கள். 2025-03-14 என்று ஆண்டு, மாதம், நாள். 1988இல் வந்த அனைத்துலகத் தரமும் இதையே சொல்கிறது. காரணம் எளிது. நாளை முதலில் எழுதினால் எல்லா ஆண்டுகளின் 14ஆம் தேதிகளையும் கணினி ஒன்றாக அடுக்கி வைக்கும். ஆண்டை முதலில் எழுதினால் காலவரிசைப்படி தானே நிற்கும். தேதிக்குப் பிறகு பாடம், வகை, பதிப்பு எண். ‘2025-03-14, கணக்கியல், வினாத்தாள், பதிப்பு 2’ என்றிருந்தால் திறந்து பார்க்காமலே உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும். ‘கடைசி’ என்ற சொல்லைக் கோப்பின் பெயரில் எழுதவே எழுதாதீர்கள். அதற்குப் பிறகு இன்னொரு கடைசி நிச்சயமாக வரும்!

ஒரே கோப்பைப் பத்துப் பிரதி எடுத்து வைக்கும் பழக்கமும் வேண்டாம். மேகத்தில் பழைய வடிவங்களைத் தானே கொஞ்ச காலம் காத்து வைக்கும் வசதி இருக்கிறது. இடமும் இப்போது அளந்துதான் கிடைக்கிறது. கல்வி நிலையங்களுக்கு அளவில்லா இடம் தந்த கூகள், 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்ற அடிப்படை அளவை நிர்ணயித்தது. மைக்ரோசாஃப்டும் 2024இல் அதே வழிக்கு வந்தது. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் இலவசமாக வந்தபோது திறந்துவிட்டோம். இப்போது மீட்டர் வைத்துவிட்டார்கள்.

யாருக்கு எந்தச் சாவி?

பகிர்வது நல்ல குணம். ஆனால் வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவது பகிர்வு ஆகாது. ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று ஒரு தேர்வு இருக்கிறதே, அது அப்படிப்பட்ட சாவி. இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும். பிறகு யார் கையில் இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியாது.

பார்க்கும் உரிமை, கருத்துச் சொல்லும் உரிமை, திருத்தும் உரிமை என்று மூன்று சாவிகள் உண்டு. பாடக்குறிப்பை மாணவர்கள் பார்த்தால் போதும். வினாத்தாளைச் சரிபார்க்கிறவர் கருத்துச் சொன்னால் போதும். கூட எழுதுகிறவருக்குத்தான் திருத்தும் சாவி. தேர்வு வினாத்தாளுக்குத் தனிக் கோப்புறை. பொறுப்புள்ள இரண்டு மூன்று பேருக்கு மட்டும் பெயர் குறிப்பிட்டு அனுமதி. செமஸ்டர் முடிந்ததும் கொடுத்த சாவிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்தவரிடமிருந்து திரும்ப வாங்குங்கள். இதில் யாரும் மனவருத்தப்பட ஒன்றுமில்லை.

மதிப்பெண் பட்டியலைப் பற்றி ஒரு சொல். பெயர், அடையாள அட்டை எண், மதிப்பெண் மூன்றையும் ஒரே தாளில் போட்டு வகுப்புக் குழுவில் அனுப்புகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நம் அடையாள அட்டையின் 12 இலக்கத்தில் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு. அந்த எண் ஊர் சுற்றினால் அந்தப் பிள்ளையின் பாதி விவரமும் ஊர் சுற்றுகிறது என்று பொருள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. தனியார் கல்லூரிகள் அதற்குக் கட்டுப்பட்டவை. அரசாங்க நிலையங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்றாலும், குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் மானம் எல்லா இடத்திலும் ஒன்றுதானே?

மேகத்துக்கும் தீப்பிடிக்கும்

“எல்லாம் கிளவுட்ல இருக்கு, கவலையில்ல” என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி, ஒரு கட்டடம் முழுதும் எரிந்து போயிற்று. மாற்றுப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீ பரவியது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் மேகக் கிடங்கு அதில் அழிந்தது. 858 டெராபைட், வெளியே மாற்றுப் பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டுக்கே இந்த நிலை.

ஆகையால் கணினித் துறையினர் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவியில், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். செமஸ்டர் முடிவில் ஒருமுறை பாடக்கோப்பு முழுவதையும் ஒரு வெளி வட்டில் எடுத்து வேறோர் இடத்தில் பூட்டி வைத்தாலே பெரும்பகுதி காப்பாற்றப்படும். இன்னொன்றையும் கவனியுங்கள். மேகத்தோடு இணைத்த கோப்புறையில் ஒன்றை அழித்தால், அடுத்த நிமிடம் மேகத்திலும் அது அழிகிறது. கூகளின் குப்பைத்தொட்டி 30 நாளும், கல்லூரி ஒன்டிரைவின் குப்பைத்தொட்டி 93 நாளும் வைத்திருக்கும். அதற்குப் பிறகு அழுதாலும் வராது.

நம் கையில் இருப்பது

பெற்றோர்களே, தாள் ஒன்று காணாமற்போனால் என்ன ஆகும் என்பதை நம் சமூகத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றபோது, இந்த மண்ணில் காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர்கள் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் திகைத்து நின்றார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடித்த தாத்தா பாட்டிகளை நாம் அறிவோம். ஆள் இருந்தார், உழைப்பு இருந்தது, காட்டுவதற்குத் தாள் இல்லை. கிரெடிட் மாற்றத்துக்காக நடையாய் நடந்த அந்தப் பெண்ணின் கதையும் அதே வகைதான். அவள் படித்தது உண்மை. காட்டுவதற்குக் கோப்பு இல்லை.

ஆகவேதான் இதைச் சின்னப் பொருள் என்று ஒதுக்காமல் எடுத்துவந்தேன். ஒரு கோப்பை ஒழுங்காக வைப்பது, முகம் தெரியாத ஒருவருக்கு நாம் செய்து வைக்கும் உதவி. நமக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கும், ஐந்தாண்டு கழித்து ஒரு விண்ணப்பத்தோடு வாசலில் வந்து நிற்கப் போகிற பிள்ளைக்கும் செய்யும் உதவி.

ஆசிரியப் பெருமக்களே, கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரத்தில் ஒரு நாள், உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். போன வருடத்துக் கோப்பு ஒன்றைப் பெயர் சொல்லித் தேடச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டாரானால் உங்கள் கோப்புகள் நல்ல நிலையில் இருக்கின்றன. எடுக்க முடியவில்லை என்றால் அவரையே கேளுங்கள்: “எங்க தேடினீங்க? என்ன பேர்ல தேடினீங்க?” அவர் தேடிய இடத்தில் அதை வையுங்கள், அவர் நினைத்த பெயரை அதற்குச் சூட்டுங்கள். இதைவிட நல்ல பாடத்தை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் நீங்கள் பெற முடியாது.